தாடையில் ஒன்றரைச் சுற்று

நன்னிலத்தில் நான் பத்திரம் எழுதுகிறவன். ஒரு நிலத்தை விற்க வேண்டுமென்றால் அதற்கு நான்கு எல்லை சொல்ல வேண்டும்: வடக்கே இன்னாருடைய நஞ்சை, கிழக்கே பொது வாய்க்கால், இப்படி. இருபத்தாறு வருடமாக ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லை எழுதிய எனக்கு முகத்தில் தென் எல்லை கிடையாது. கீழுதட்டுக்குக் கீழே நேராகக் கழுத்து. மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சரிவு. பள்ளிக்கூடத்தில் எலிமூஞ்சி என்றார்கள். கல்யாணத்துக்கு முன் தாடி வளர்த்தேன். நிலமே இல்லாத இடத்தில் வேலி போட்டது மாதிரி இருந்தது. என் மனைவி எஸ்தர் கல்யாணமான மறுவாரமே அதை எடுக்கச் சொன்னாள். "என்ன இருக்கோ அது தெரியட்டும், விடுங்க" என்றாள்.

ஆகவே ஐம்பத்தொன்றாவது வயதில் தாடையை அறுத்துக்கொண்டது அழகுக்காக அல்ல. தாடை பின்தங்கியவனுக்கு வாய்க்குள் நாக்கு இருக்க இடம் போதாது. தூங்கும்போது அது தொண்டைக்குள் சரிந்து மூச்சை அடைக்கும். சுருக்கமாகச் சொன்னால், என் கழுத்தை என் நாக்கே தினமும் நெரித்துக்கொண்டிருந்தது. எஸ்தருக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். குறட்டை நின்று மூச்சும் நின்றால் இடுப்பில் ஓர் உதை. "எவ்வளவு வருசமா உதைக்கிறேன் தெரியுமா? கால் முட்டி போச்சு" என்று டாக்டரிடம் அவள் தன் வியாதியாக அதைச் சொன்னாள்.

தூக்கம் கெட்டவன் பகலில் தூங்குவான். ஒருமுறை கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெற்றி மசிப்பெட்டியில் விழுந்தது. நிலம் வாங்க வந்தவர், நான் ஜெபம் பண்ணுவதாக நினைத்து எழுந்து நின்றாராம். இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. போன ஐப்பசியில் பகல் பதினொரு மணிக்கு ஸ்கூட்டரிலேயே தூங்கினேன். வண்டி கரையை விட்டு இறங்கி வாய்க்காலில் பாய்ந்தது. நான் கீழே, வண்டி மேலே, மூக்கு வரை சேற்றுத் தண்ணீர். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

"காலங்காத்தாலயே குடிச்சிட்டு வண்டி ஓட்டறான் பாரு, நாசமாப் போறவன்!" என்று ஓர் அம்மாள் கன்னத்தில் இரண்டு அறை விட்டாள்.

இன்னொருத்தி குனிந்து முகர்ந்தாள். "நாத்தம் ஒண்ணும் இல்லியேக்கா."

"அப்படியா?" என்று யோசித்துவிட்டு, முதல் அம்மாள் மூன்றாவதாகவும் ஓர் அறை விட்டாள். அது மயக்கம் தெளிவதற்காம். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. அதைவிடக் கன்னம் வலித்தது.

விலா ஆறியதும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்கள். தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது என்று அது சொல்லும். என் எண்ணைப் பார்த்ததும் பரிசோதித்தவர் முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டார். மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றை அழுத்தித் தள்ளும் இயந்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதோடு தூக்கத்தில் சண்டை போட்டு, குழாயைப் பிடுங்கி எஸ்தரை அடித்தேன். அவளுக்குப் புருவத்தில் தையல். அதற்குப் பிறகுதான் தாடை டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஐந்தடி உயரம். ஆனால் கை இருக்கிறதே, அது வேறு ஆளுடைய கை. மேசைமேல் இருந்த மண்டையோட்டு பொம்மையின் கீழ்த்தாடையைச் சட்டென்று பிய்த்துக் காட்டினார்.

"இங்க, இங்க, ரெண்டு பக்கமும் அறுப்போம். அறுத்த துண்ட முன்னாடி கொண்டு வரணும். உங்களுக்குப் பன்னெண்டு மில்லிமீட்டர் வேணும்."

"அறுத்த கையோட முன்னாடி தள்ளி முடுக்கிடலாமே டாக்டர்?"

"சதையும் நரம்பும் விடாது சார். பின்னாடி இழுத்துடும். அதனால மெதுவா நகத்துவோம்."

இந்த முறைக்கு டிஸ்ட்ராக்‌ஷன் என்று பெயர். விஷயம் இதுதான். எலும்பு முறிந்தால் உடம்பு அதை ஒட்டவைக்கப் பார்க்கும். ஒட்டப்போகிற நேரத்தில் நாம் முனைகளைக் கொஞ்சம் விலக்குகிறோம். உடம்பு மறுபடி முயலும், நாம் மறுபடி விலக்குகிறோம். இடைவெளியில் புது எலும்பு நிரம்பிக்கொண்டே வரும். அதற்காக எலும்போடு சேர்த்து இரண்டு பக்கமும் ஒரு திருகுக் கருவியை முடுக்குவார்கள். அதன் நுனி மட்டும் ஈறுக்கு வெளியே ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சாவி போட்டு வீட்டிலேயே திருக வேண்டும்.

"ஒரு சுத்து அரை மில்லிமீட்டர். காலைல ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து. அதுக்கு மேல போகவே கூடாது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் எலும்பால வளர முடியும். அவசரப்படுத்தினா எலும்புக்குப் பதிலா வெறும் நார்தான் வரும். தாடை துண்டு துண்டா ஆடிக்கிட்டே இருக்கும். அப்புறம் இடுப்பெலும்ப வெட்டி எடுத்து அங்க வைக்கணும்."

இதை அவர் மூன்று பேரிடம் சொன்னார். நான், எஸ்தர், அவளுடைய அண்ணன் ஞானமுத்து. மூன்றாவது ஆள் தலையை நன்றாக ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அறுவை அன்று நடந்தது எனக்குத் தெரியாது. பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன், கேட்டிருக்கக் கூடாது. கன்னத்தின் உட்புறத்தைக் கீறி, ஈறை எலும்பிலிருந்து வாழைப்பட்டை மாதிரி உரித்து, மின்ரம்பத்தால் அறுத்து, கடைசிப் பகுதியை உளி வைத்துச் சுத்தியலால் தட்டிப் பிளந்திருக்கிறார்கள். தட்டும்போது ஆடாமல் இருக்க ஒருவர் என் தலையைப் பிடித்துக்கொண்டாராம். காதுக்குப் பின்னால் அவருடைய விரல்கள் ஐந்தும் நீலமாகப் பதிந்திருந்தன.

கண் விழித்தபோது முகம் பலாப்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டியது. திறக்க முடியாத வாயால் வாந்தி எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அது மூக்கு வழியாக வந்தது. நர்ஸ் பெண் கழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி, தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சினாள். "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல" என்றாள். எல்லாமே இருந்தது.

ஐந்து நாள் படுக்கை. எஸ்தர் கஞ்சியை இரண்டு முறை வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றிக் கடைவாயில் பீச்சுவாள். குறி தவறினால் மூச்சுக்குழலுக்குள் போகும். இருமினால் தாடைக்குள் ஆணி அடித்த மாதிரி இருக்கும். பில்லைப் பற்றி எழுதமாட்டேன். எலும்பை அறுத்த கதையைப் படிக்கிறவர்கள்கூட அதைத் தாங்கமாட்டார்கள்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா ஒரு சுற்றைத் தானே திருகிக் காட்டி, கணக்கில் சேராமல் இருக்கப் பழையபடி திருப்பி வைத்தார். காது முதல் காது வரை யாரோ என் முகத்தைக் கிழிப்பது போலிருந்தது. என் சத்தத்தில் எஸ்தர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுல யாரு திருகுவீங்க?" என்றார் டாக்டர்.

"குடுங்க டாக்டர், இது நம்ம வேலை" என்று ஞானமுத்து கை நீட்டினார்.

"பழக்கம் இருக்கா?"

"முப்பது வருசமாத் திருகறேன்."

எதை என்று டாக்டர் கேட்கவில்லை. என் மச்சான் பாசன வாய்க்காலில் லஸ்கர். மதகுகளின் ஷட்டரைத் திருகி ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. அவர் கையளவு விட்டால் கையளவு தண்ணீர்தான் போகும் என்று பேர் வாங்கியவர்.

வீட்டுக்கு வந்தோம். காலையிலும் மாலையிலும் கொல்லைப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் நெற்றியை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவார். தன் முழங்காலை என் தொடைமேல் ஊன்றுவார். கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்குவார். "மாப்ள, மூச்ச இழுத்துக்குங்க" என்பார். அவ்வளவுதான். பிறகு என் ஊளை. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது ஒரு நாள். எஸ்தர் பார்க்க மாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, டாக்டர் கொடுத்த அட்டையில் டிக் அடிப்பாள்.

"ஆச்சாண்ணே?"

"ஆச்சு பாப்பா."

நான்காம் நாள் கீழுதட்டின் இடது பக்கம் மரத்துப்போனது. கஞ்சி வழிந்து சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். வலி நாளுக்கு நாள் குறையும் என்றார்கள், கூடியது. கன்னம் தோலுக்கு உள்ளிருந்து பிளக்கிறாற்போல் இருந்தது. அழுகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? எனக்கே நான் கோழை என்றுதான் தோன்றியது. மச்சானுக்கோ பெருமை தாங்கவில்லை. "பாரு பாப்பா, தாடை கெளம்பிடுச்சு! ஒரு வாரத்துல மாப்ளைக்கு மொகமே வேற!"

ஏழு நாள் முடிந்து தஞ்சாவூர் போனோம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்ற நேரத்தில் மட்டும்தான் எனக்கு வலி கொஞ்சம் அடங்கியது. எல்லோரும் அந்த கேட்டைத் திட்டுவார்கள். நான் கும்பிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா திரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"எத்தனை நாள் திருகினீங்க?"

"ஏழு" என்றாள் எஸ்தர்.

"அப்ப ஏழு மில்லிமீட்டர் இருக்கணும். பத்தரை இருக்கு."

எஸ்தர் அட்டையை நீட்டினாள். பதினான்கு டிக். ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. டாக்டர் என் மச்சானைப் பார்த்தார்.

"நீங்க ஒரு சுத்துதானே திருகினீங்க?"

"ஒரு சுத்துதாங்க டாக்டர்" என்றார் ஞானமுத்து. பிறகு சாதாரணமாக, "கூட ஒரு அரை. அது சேதாரத்துக்கு" என்றார்.

"என்னது?"

"சேதாரம் இருக்கும்லங்க. ஆபீஸ்ல ஒண்ணுன்னு எழுதுவாங்க. வழியில மண்ணு குடிக்கும், எலி வளையில போகும், கடைமடைக்கு வந்து சேரும்போது முக்கால்தான் இருக்கும். ஒண்ணு போய்ச் சேரணும்னா ஒண்ணரை தொறக்கணும். நாங்க எப்பவும் அப்படித்தான்..."

அவர் முடிக்கவில்லை. எஸ்தர் எக்ஸ்ரே உறையால் அவர் முகத்தில் அறைந்தாள். உறை கிழிந்ததும் குடையை எடுத்தாள். குடைக் கம்பி வளைந்ததும் வெந்நீர் ஃபிளாஸ்க். "கொன்னுட்டியே பாவி! மனுசன அறுத்துப் போட்டு வச்சிருக்காங்க, அதுல உனக்குச் சேதாரமா!" டாக்டரம்மா தடுக்கவில்லை. முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுத் தன் பங்குக்கு மேசையில் ஓர் அடி அடித்தார். மண்டையோட்டு பொம்மை கீழே விழுந்து உடைந்தது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். நெற்றியில் ரத்தம். துடைக்கக்கூட இல்லை.

"எலும்பு வரலியா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த இடைவெளியில வெறும் கருப்புதான் தெரியுது. ஒண்ணுமே வரல" என்றார் டாக்டர். "இனிமே ஒரே வழிதான். பத்தரைலேர்ந்து திரும்பப் பின்னாடி ஏழுக்குக் கொண்டு போகணும். அரை அரை சுத்தா, ஒரு வாரம். முனை ரெண்டும் கிட்ட வந்தா எலும்பு பிடிக்க வாய்ப்பு இருக்கு. பிடிச்சா மறுபடி மெதுவா முன்னாடி கொண்டு வரலாம். பிடிக்கலேன்னா இடுப்புதான்."

"நீங்களே திருகிடுங்க டாக்டர்" என்று எஸ்தர் அழுதாள். இங்கேயே தங்குங்கள் என்றார் அவர். தங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. சாவியை எஸ்தரிடம் கொடுத்து, மூன்று முறை செய்யவைத்துப் பார்த்து அனுப்பினார். மச்சான் எங்கள் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் போனார்.

மறுநாள் காலை எஸ்தர் திருகினாள். அதாவது, முயன்றாள். கை நடுங்கிற்று. சாவி வழுக்கிக் கன்னத்துக்குள் குத்தியது. வாய் நிறைய ரத்தம். "ஆடாதீங்கன்னா ஆடாதீங்க!" என்று என்னையே முதுகில் அடித்தாள். இரண்டாவது முறை சாவி மாட்டியது. ஆனால் அரைச் சுற்று போயிற்றா, கால் சுற்றா, திருகியது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாவியைத் தரையில் வீசிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது திரையில் பார்த்தது நினைவு வந்தது. வலப்பக்கம் பத்தரை. இடப்பக்கமும் பத்தரை. மயிரிழைகூட வித்தியாசமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகை, ஊளையிடுகிற ஒருவனின் வாய்க்குள், பதினான்கு முறை, இரண்டு பக்கமும் அப்படியே ஒன்றுபோலத் திருகிய கை அது. எண்தான் தப்பு. கை தப்பு இல்லை.

நோட்டில் எழுதிக் காட்டினேன்: அண்ணனை வரச் சொல்.

"அந்த ஆளா? வாசல்ல கால வச்சா வெட்டிப்போடுவேன்."

வெட்டலாம், முதலில் திருகட்டும் என்று எழுதினேன்.

ஞானமுத்து வந்தார். இரண்டு நாள் தாடியோடு, நெற்றியில் பிளாஸ்திரியோடு, கேட்டுக்கு வெளியே நின்றார். எஸ்தர் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் கையை அதன்மேல் அழுத்தினாள்.

"சொல்லு."

"கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"சேதாரம்?"

"சேதாரமே கிடையாது."

முன்னே விலக்கியபோது பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று அன்று தெரிந்தது. பின்னால் போகும்போது வெட்டுப்பட்ட இரண்டு முனைகளும் நடுவிலிருக்கும் பச்சைச் சதையை அம்மியில் வைத்து அரைக்கின்றன. நான் அவர் முழங்காலில் உதைத்தேன். வயிற்றில் உதைத்தேன். சட்டையைக் கிழித்தேன். "உதைங்க மாப்ள, நல்லா உதைங்க" என்று அவர் அழுதுகொண்டே திருகினார். கண்ணீர் என் நெஞ்சில் விழுந்தது. கை மட்டும் நடுங்கவில்லை. எஸ்தர் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. துடைப்பக்கட்டையை ஓங்கியபடி பக்கத்திலேயே நின்று, சாவியின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், "கால்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து!" என்று கத்துவாள். ஒரு வாரம். இரண்டு வேளை. கடைசி நாள் அவர் கால் முழுக்க என் குதிகால் கன்றிப்போய்ப் பதிந்திருந்தது.

அடுத்த எக்ஸ்ரேயில் ஏழு. இரண்டு பக்கமும். டாக்டர் ஸ்கேலை மச்சானிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இடைவெளி மட்டும் கருப்பாகவே இருந்தது.

பிறகு காத்திருப்பு. இரண்டு வாரம் கழித்து கருப்புக்குள் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. அது எலும்பா, படத்தின் மங்கலா என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். ஆனாலும் மறுபடி முன்னால் திருக உத்தரவு கொடுத்தார். ஐந்து நாளில் பன்னிரண்டு. அதோடு திருகல் முடிந்தது. கெட்டிப்பட மூன்று மாதம். கஞ்சி, ஜூஸ், மசித்த இட்லி. எடை குறைந்து இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வெட்டி எடுக்க வசதியாக அது தயாராவதாகவே எனக்குத் தோன்றும். மச்சான் தினமும் சாயங்காலம் வருவார். எஸ்தர் அவருக்குக் காப்பி கொடுப்பாள், பேசமாட்டாள். அவர் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார்.

மூன்று மாதம் முடிந்து தஞ்சாவூர் போனபோது ஞானமுத்து அறைக்குள் வரமாட்டேன் என்றார். வராந்தாவிலேயே நின்றார்.

டாக்டரம்மா படத்தை ஓரமாக வைத்தார். "படம் கிடக்கட்டும். கையால பாத்துடுவோம்." என் முன்பற்களின்மேல் கட்டைவிரலை ஊன்றினார். மற்ற விரல்களால் மோவாயை அடியில் கவ்வினார். ஆமாம், மோவாய். கவ்வுவதற்கு ஒன்று இருந்தது. "சேரலேன்னா முன்பகுதி மட்டும் தனியா வரும். வலிக்கும்" என்றார். பதில் சொல்வதற்குள் மொத்த பலத்தோடு கீழ்நோக்கி ஓர் இழுப்பு. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம். சக்கரம் வைத்த நாற்காலி என்னோடு சேர்ந்து சுழன்று அவர்மேல் போய் மோதியது.

தாடை தனியாக வரவில்லை. தலை வந்தது, கழுத்து வந்தது, நாற்காலியும் வந்தது. முழு ஆளாகத்தான் வந்தேன்.

"சேந்துடுச்சு சார்" என்றார் டாக்டரம்மா, மூச்சு வாங்க. எஸ்தர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, "வெளியில அண்ணன் நிக்கிது. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

வராந்தாவில் டோக்கனோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். "சேந்துடுச்சாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேப்பரில் எழுதியதையோ யாரோ சொன்னதையோ நம்பி அவர் எந்த மதகையும் விட்டுவிட்டுப் போனதில்லை. "மாப்ள, ஒரு தடவை..." என்று இழுத்தார். நான் முகத்தைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு கட்டைவிரலையும் தாடையின் இரண்டு பக்கமும் வைத்து, ஷட்டர் திருகிய அந்தக் கையால், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கண்ணில் பொறி பறந்தது. நான் போட்ட கூச்சலில் டோக்கன்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். இம்மியும் அசையவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

"யோவ்! ஒடம்பு சரியில்லாத மனுசனப் போட்டு ஏன்யா இப்படி வதைக்கிற? யாருய்யா நீ?" என்று ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"அடிச்சிராதீங்கம்மா" என்றேன். "இவரு என் மச்சான்."

அந்த அம்மாள் அவரை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டார்.